சிவப்பு டேப் சுற்றிய குழாய்

தெருவில் அவளுக்கு ஐஸ் டீச்சர் என்று பெயர். காலேஜில் புவியியல் சொல்லிக்கொடுப்பவள். ஆராய்ச்சியோ பனிப்பாறைகளைப் பற்றி. ஒரு காலத்தில் நிலத்தையே மூடிக் கிடந்த பனி உருகிப் பின்வாங்கியபோது மண்ணையும் மணலையும் எங்கெங்கே கொட்டிவிட்டுப் போனது, எப்போது போனது என்று தேடுவதே அவள் பிழைப்பு. "ஃப்ரிட்ஜில இருக்கிற ஐஸையே காப்பாத்த முடியல, இவங்க போன ஐஸைத் தேடுறாங்களாம்!" என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்வாள். டீச்சரின் வீட்டுக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், அவர்தான் அதற்கு முதலில் சிரிப்பார்.

அந்த மணலில் ஒரு விசேஷம் உண்டு. கடைசியாக அதன்மேல் வெயில் பட்டது எப்போது என்று சொல்லிவிடும். இருட்டறையில் சோதித்தால் பனி விலகிய காலம் தெரியும். வழியில் வெளிச்சம் பட்டதோ, போச்சு, உள்ளே சேர்ந்திருக்கும் காலக் கணக்கெல்லாம் அழிந்துவிடும். அதனால் இரும்புக் குழாயை மண்மேட்டில் அடித்து இறக்கி, இரு முனையையும் மூடி, நடுவில் சிவப்பு டேப் சுற்றிக் கொண்டுவருவாள். ஈரம் எவ்வளவு என்று பார்க்க இன்னொரு குழாய். அதற்கு நீல டேப். அதை வெயிலில் கொட்டினாலும் பாதகமில்லை.

அந்த வருஷம் ஒரு மலைப் பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவந்த மணல், பனி ஏதோ போன மாசம்தான் உருகியது என்பதுபோல் பதில் சொன்னது. லேபே சிரித்தது. டீச்சருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. லேபுக்குப் போகுமுன் குழாய் வீட்டு அலமாரியில் அல்லவா இருந்தது? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரிடம் ஆரம்பித்தாள்.

"அந்தக் குழாயைத் திறந்தீங்களா?"

"இல்லையேம்மா. பெட்டி வைக்கத் தள்ளி வெச்சேன், அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதீங்க! அது தானா திறந்துக்குமா?"

விட்டாளா? சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, மனுஷர் பஸ் சாவியை எடுக்கும்போது, நச்சுநச்சென்று அதே கேள்வி. கேட்டுக் கேட்டு அழுதாள். கடைசியில் ஒருநாள் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி, நான்தான் திறந்திருப்பேன். விட்டுடு" என்றார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மறுநாளே துறைத்தலைவரிடம் போய், "வீட்ல அவர் தெரியாம திறந்துட்டார் சார்" என்று ஒப்பித்தாள். அன்றிலிருந்து கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குச் சூரியன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளை அழைத்துப்போக வந்தால் போதும், "சூரியன் உதிச்சாச்சு, மணலையெல்லாம் மூடுங்கப்பா!" என்பார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் கொடுமை.

ஒருவழியாக, மறுபடி அந்த மலைக்குப் போக அனுமதி கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் துறைக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை டீக்குக் கூப்பிட்டிருந்தாள். கூடத்தைத் துடைக்கும்போது சுவரில் வெறும் ஆணி கண்ணில் பட்டது. முதல் பயணத்தில், காலேஜ் பத்திரிகைக்காக எடுத்த அவள் படம் மாட்டியிருந்த இடம். அவர்தான் ஆசையாகச் சட்டம் போட்டு மாட்டினார். எங்கே போயிற்று? தேடினால், அவர் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது.

படத்தில் நல்ல வெயில். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் மூடி கழற்றிய குழாய், இன்னொரு உள்ளங்கையில் மணல். "மணலைக் காட்டுங்க மேடம், படம் நல்லா வரும்" என்று படமெடுத்தவன் சொன்னது நினைவு வந்தது. நீலக் குழாய்தானே என்று கொட்டிக் காட்டி, திரும்ப உள்ளே போட்டு மூடியிருந்தாள். கேமராவைப் பார்க்கிற அவசரத்தில் கையைப் பார்க்கவில்லை. படத்தில் அந்தக் குழாயைச் சுற்றியிருந்தது சிவப்பு டேப்.

காது மடலெல்லாம் எரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் வாங்கிக்கொண்டு வந்தவர் அவள் மடியிலிருந்த படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"எப்போ கழட்டினீங்க?"

"ஆணி ஆடுச்சும்மா..."

"ஆணி அசையவே இல்லைங்க."

அவர் பாலை மேசைமேல் வைத்தார். "நீ கத்தின மறுநாள். சிவப்புல கை வைக்காதீங்கன்னு அலமாரியில வைக்கும்போதே சொன்னியே. நான் வைக்கலையே. அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்."

"அப்பவே என் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமே!"

"கேக்கணும்னுதான் கழட்டினேன். எனக்கும் கோபம் வராதா? உள்ள வந்தா நீ அழுதுட்டு இருந்த."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. எழுந்து படத்தை ஆணியில் மாட்டினாள்.

"எதுக்கும்மா? இப்ப வந்துடுவாங்க."

"வரட்டும்."

சொல்வது சுலபம். வந்தவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும், யாரும் சுவரைப் பார்த்துவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். யாரும் பார்க்கவும் இல்லை. சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பாள்.

"எங்கே நம்ம சூரியன்? அடுப்பே தேவையில்லையே, அவர் எட்டிப் பார்த்தாலே டீ கொதிக்குமே!" என்றார் ஒருவர். கூடமே சிரித்தது. சமையலறையிலிருந்து அவரும் சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சார், குழாயைத் திறந்தது நான். வெயில்ல, இந்தக் கையால. சுவத்துல இருக்கு, பாருங்க."

துறைத்தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தருகே போனார். அதற்குள் டீத் தட்டோடு வந்த வீட்டுக்காரர் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் சிரித்தார். "இல்ல சார், நான்தான் ஏதோ தெரியாம..."

"போதும்ங்க." அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "நீங்க தொடவே இல்லை."

அவர் கையிலிருந்த தட்டை வாங்கி, முதல் கோப்பையை அவரிடமே நீட்டினாள்.