கோணல் ஜன்னலுக்கு ஷஃபானா போட்ட கோடு

கல்பாக்கத்தில் முப்பத்தோரு வருஷம் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட கஸ்தூரிரங்கனை, திருக்கழுக்குன்றத்தில் தானே நின்று கட்டிய வீட்டின் ஒரே ஒரு ஜன்னல் ஆட்டிப் படைத்தது.

எங்கள் வீட்டு மொட்டைமாடிப் படி, படுக்கையறை ஜன்னலின் தலையைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. இடப்பக்கம் நெட்டை, வலப்பக்கம் குட்டை. திரைக்கம்பி மாட்ட நேரான இடமில்லை. பின்வீட்டார் புதிதாகப் படி கட்டியதிலிருந்து ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாருக்கும் எங்கள் கட்டில்தான் காட்சி. முழங்கால் ஆபரேஷன் சரிப்படாமல் என் மனைவி பர்வதம் நாள் முழுக்க அதில்தான் இருக்கிறாள், புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு. மூன்று கடைக்காரர்கள் வந்து பார்த்துக் கைவிரித்தார்கள். செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்று கொத்தனார் ஏசுபாதத்தைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த ஜன்னலில்தான் மலைக்கோயில் கோபுரம் தெரியும். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவள் பர்வதம். இப்போது கட்டிலில் இருந்தபடியே கை கூப்புகிறாள். அடைக்கப்போகிறேன் என்றதும், "உங்க இஷ்டப்படி பண்ணுங்கோ" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இது நெஞ்சை அறுத்தது.

ஞாயிறு சாயங்காலம், தெரிந்தவர் சொல்லி, கேளம்பாக்கத்திலிருந்து ஷஃபானா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஃபிளாட்டுகளுக்குத் திரை தைத்துத் தொழில் கற்றவள். இப்போது ப்ளைண்ட் என்கிற சுருள்திரை மாட்டுவதுதான் முழுநேர வேலை. கழுத்தில் டேப், கையில் துணி மாதிரிகள். ஜன்னலை ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

"மேலதான சார் கோணல்? அடிக்கட்டை நேராத்தான கீது? சுருளைக் கீழ மாட்டி, துணியை மேல இழுத்து நிறுத்திக்கலாம்."

ஒரு வருஷமாக மேலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் விடுவேனா? துணி எதுவரை ஏறலாம், அதற்கு மேல் கோபுரம் எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டு, சுவரில் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தேன்.

"இது யாரு கண்ணுக்கு சார்?"

"என் கண்ணுக்குத்தான். நின்னு பார்த்து அளந்திருக்கேன்."

"அம்மா நிக்கறதில்லையே சார்."

சொல்லிவிட்டு, பின்வீட்டாரிடம் கேட்டு அவர்கள் படியில் ஒவ்வொன்றாக ஏறி நின்று எங்கள் அறையைப் பார்த்தாள். திரும்பி வந்து, "இங்க உக்காரட்டாம்மா?" என்று பர்வதத்தின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் ஒட்டி, அவள் தலை உயரத்துக்குத் தன் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு என் கோட்டுக்கு ஒரு சாண் கீழே ஒரு கோடு போட்டாள்.

"படி திரும்பற வரைக்கும்தான் இந்தப் பக்கம் பாக்க முடியும். துணி இந்தக் கோடு வரைக்கும் இருந்தா, அங்க நின்னாலும் கட்டில் தெரியாது. அப்புறம் சொவுரு மறைச்சிடுது. சந்தேகம்னா நீங்களே உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். அவள் தன் கோட்டில் துணியைப் பிடித்தாள். பின்வீட்டுப் படி மறைந்தது, கோபுரம் முழுசாகத் தெரிந்தது. என் கோட்டில் பிடிக்கச் சொன்னேன். கோபுரம் இல்லை, வெறும் துணிதான். கோபுரத்தை மறைக்கச் செங்கல்லே தேவைப்பட்டிருக்காது.

பதினொரு மாதமாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரை நீட்டியிருக்கிறேன், வெந்நீர் நீட்டியிருக்கிறேன், எல்லாம் நின்றபடியே. ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"கொத்தனாருக்கு போன் போட்டு வர வேணாம்னுடுங்க சார். புதன்கிழமை மாட்டிடறேன்" என்று டேப்பைச் சுருட்டினாள் ஷஃபானா.

போனை எடுக்க எழுந்தேன். பர்வதம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் பேசிக்கலாம். செத்த உட்காருங்கோ. இப்போ மலையில விளக்கு ஏத்துவா."