துணிக்குப் பின்னால் பார்த்த குருவி

எனக்கு வயது அறுபத்தெட்டு. நான்கு பிள்ளைகளைப் பெற்று, நான்கையும் ஒரு குறை இல்லாமல் வளர்த்து ஆளாக்கியவள் நான். ஆனாலும் எங்கேயாவது பெட்ரோல் வாடையும் நனைந்த வைக்கோல் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இன்றைக்கும் பத்து வயதுப் பெண்ணாகி வாய்க்கால் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எங்கள் ஊருக்குப் படம் காட்ட வந்த, வட்டார வளர்ச்சி ஆபீஸின் "பிளாக் வண்டி"யின் வாடை அது. அந்த வண்டியோடு வந்த ஜெனரேட்டர் களத்து மூலையில் நின்று படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே என் வயிற்றில் ஒன்று எரியத் தொடங்கும். பசி இல்லை, பொறாமை. அதை மூடி மறைத்துப் பேச இந்த வயதில் எனக்கு அவசியம் இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு என் பேத்தி கயல்தான் காரணம். அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த பொம்மைத் தொடர் ஒன்றைப் போன மாதம் டி.வி.க்காரர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வேறொரு தொடருக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவுதானாடி?" என்று கேட்டேன்.

"போனா போவுது அப்பாயி, இன்னும் ஆயிரம் இருக்கு" என்றாள்.

மூன்று நாளில் ஆறிவிடும் அந்த மனசின் மேல்கூட எனக்குப் பொறாமைதான். எனக்கு வாய்த்தது ஒரே ஒரு பொம்மைப் படம். அதையும் பாதியில் நிறுத்தினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது புது ஆட்சி வந்த சமயம். எல்லாரும் சமம் என்று ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். எங்கள் தெருவில் கூலி கூட்டிக் கேட்டுச் செங்கொடி ஏற்றியிருந்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே வரப்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் யார் வயலில் இறங்கி வழிவிடுவது என்பதே பெரிய வழக்காகிவிடும். அந்த நாளில்தான், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க என்று ஒரு பொம்மைப் படத்தை நான்கு பாகமாக்கி, மாதம் ஒரு பாகம் என்று ஊர் ஊராக வண்டியில் அனுப்பினார்கள்.

கதை ஒரு சிட்டுக்குருவியைப் பற்றியது. வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிட்ட கதிரைக் கொத்த வந்த அதன் குஞ்சு, தவறிப்போய் நெல் மூட்டைக்குள் விழுந்துவிடும். பார்க்காமல் மூட்டையைத் தைத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மூட்டையின் மேல் அது போகிற ஊரின் பெயர் எழுதியிருக்கும். குருவிக்கோ வாசிக்கத் தெரியாது. அதனால் அது எழுத்துப் படிக்கப் புறப்படும். ஒவ்வொரு எழுத்தாக மூக்கில் கவ்விக்கொண்டு வந்து கூட்டில் வைக்கும். "ஐயோ, குஞ்சு மூச்சு முட்டிச் செத்துப்போயிடுமே, சீக்கிரம் படிச்சுத் தொலையேன்" என்று என் அம்மா திரையாகக் கட்டிய துணியைப் பார்த்து வைவாள்.

மிராசுதார் வீட்டுக் களத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே அந்த வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். துணிக்கு முன்பக்கம் அவர்கள் தெரு. பின்பக்கம், வாய்க்கால் கரையில், நாங்கள். முன்பக்கம் போகாதே என்று எங்களை யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் துணியைத் தாண்டி வருவதால் படம் எங்களுக்கும் தெரிந்தது. ஆனால் காற்றில் துணி தூக்கும் போதெல்லாம் முன்பக்கம் முதல் வரிசையில் ஜமுக்காளத்தின் மேல் சம்மணமிட்டிருக்கும் வசந்தாவும் தெரிந்தாள். மிராசுதாரின் மகள், என் வயதுக்காரி. என்னைப் பெற்ற அம்மாவே அவளை "வசந்தாம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் மடியில் வறுத்த கடலை இருக்கும். பாதிப் படத்தில் கொட்டாவி விடுவாள். அந்த ஜமுக்காளத்துக்கும் கடலைக்கும் நான் பட்ட பொறாமையை விட அந்தக் கொட்டாவிக்குப் பட்ட பொறாமை அதிகம்.

இரண்டு மாதத்தில் எட்டு எழுத்து எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகாத பெண்ணுக்கு எட்டு எழுத்து என்றால் சும்மா இல்லை. ஒரு நாள் வரப்புச் சேற்றில் குச்சியால் எழுதிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியோடு அப்பா வந்தார். சங்கத்துத் துண்டுத்தாள்களை வைத்துக்கொண்டு அவரும் அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தார்.

"என்ன கண்ணு இது?"

"'அ' எழுத்துப்பா. குருவி மொதல்ல கொண்டாந்துச்சுல்ல, அது."

அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "திரும்பிக்கிட்டு நிக்குதே. யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

"படத்துலயே அப்படித்தாம்பா இருக்கு."

குந்தி உட்கார்ந்து என் எழுத்துக்குப் பக்கத்தில் தன் விரலால் ஒன்று எழுதினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு களத்துத் தென்னைகளைப் பார்த்தார். "துணிக்கு அந்தப் பக்கந்தான் நேராத் தெரியும்போல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். துணிக்கு ஒரு நேர்ப்பக்கம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை கடலைக்கும் கொட்டாவிக்கும் பட்ட பொறாமை அன்றோடு அந்த நேர்ப்பக்கத்துக்கு இடம் மாறிவிட்டது. அந்தக் குருவி மேலேகூடப் பட்டேன்; அதுவாவது நேராகப் படித்ததே.

மூன்றாம் பாகத்தில் குருவி ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தது. மலைபோல் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப் பெயர். குருவி முதல் மூட்டையில் போய் உட்கார்ந்ததும் அப்பா எழுந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தென்னையைச் சுற்றி முன்பக்கத்துக்கு நடந்தார்.

"ஏய், எங்க வர்ற?" என்றார் மிராசுதாரின் காரியக்காரர். "பின்னாடி படம் தெரியலயா உனக்கு?"

"தெரியுதுங்க. எழுத்துதான் திரும்பித் தெரியுது. புள்ள நேராப் பாக்கட்டும், ஓரமா உக்காந்துக்கிறோம்."

"நேராப் பாத்துட்டு என்ன, கணக்குப்பிள்ளை வேலைக்கா போப்போவுது?"

முன்பக்கம் முழுக்கச் சிரித்தது. அப்பா ஜமுக்காளத்தை ஒட்டித் தரையில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அதைப் பார்த்து எங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வாய்க்கால் கரையிலிருந்து எழுந்து வர ஆரம்பித்தார்கள். யாரோ கத்தினார்கள், யாரோ தடி எடுத்தார்கள். படம் காட்டுகிறவர் பயந்துபோய் ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்.

அதற்குள் எவ்வளவு நேரம் முன்பக்கத்தில் இருந்தேன்? பத்து மூச்சு விட்டிருப்பேன். குருவி மூட்டையின் மேல் குனிந்து நின்றது. மூட்டையில் பெரிதாக எழுத்துகள். என்னால் ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பிய எழுத்து. நேராக நின்றவை எல்லாம் யாரோ முன்பின் பார்க்காத மனிதர்களைப் போல என்னைப் பார்த்தன.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா கேட்டார்: "நேராப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேம்பா."

"தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுதுப்பா."

அது பொய் என்று அவர் உயிரோடு இருந்தவரை நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வண்டி வரவில்லை. தகராறு நடக்கிற ஊர் என்று எங்கள் ஊரை விட்டுவிட்டார்களாம். ஆனால் பட்டுக்கோட்டையில் வசந்தாவின் அத்தை வீடு இருந்தது. அந்தப் பக்கம் வண்டி போனது. அவள் போய் நான்காம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அறுப்புக் காலத்தில் அவள் களத்துக்கு வந்தபோது, நெல் குவித்திருந்த பட்டறைக்கு இந்தப் பக்கம் நின்று, ரோஷத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"குஞ்சு கெடைச்சுதா?"

அவள் பாவாடையைச் சுழற்றிக்கொண்டு நின்றாள். "தெரியும், சொல்ல மாட்டேன். உங்கப்பன்தானே நிறுத்துனான்?"

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம், "பின்னாடியே உக்காந்திருந்தா நானும் முடிவப் பாத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். பிசைந்த கை நின்றது. "ஆமா கண்ணு, பாத்திருப்பே" என்றார். பிறகு சாப்பிட்டார்.

நான்கு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்தை நேராக்கிக்கொண்டேன். "கண்ணாடியில பாத்து எழுதுனாப்புல இருக்கே, எந்தப் பள்ளிக்கூடத்துலம்மா படிச்சீங்க?" என்று அந்த வகுப்புப் பெண் கேட்டாள். "துணிக்குப் பின்னாடி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இன்றும் அவசரத்தில் எழுதினால் எனக்கு 'ந' திரும்பிக்கொள்ளும்.

போன தை மாதம் தஞ்சாவூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஒரு கண்ணை மூடிப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தது வசந்தா. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க, இப்படி உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்த 'ங்க'வைக் கேட்க அப்பா இல்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். அப்புறம் பழைய எரிச்சல் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் குருவிக்குக் குஞ்சு கிடைத்ததா என்று கேட்டே விட்டேன்.

"குருவியா?" என்று யோசித்தாள். "களத்துல படம் போட்டாங்க, ஞாபகம் இருக்குங்க. கடலை வறுத்துக் குடுப்பாங்க. குருவி... அப்படி ஒண்ணு வந்துச்சா?"

மனசில் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. நான் முழுசாய்ப் பார்த்திருந்தால் ஓர் இறகைக்கூட மறந்திருக்க மாட்டேன். அவளிடம் எல்லாம் இருந்தது. மறந்துபோகிற அளவுக்கு இருந்தது. எனக்கு இப்போது அந்த மறதி மேல் பொறாமை.

அந்தக் களம் இப்போது மனைக்கட்டு. கல் நட்டு எண் போட்டிருக்கிறார்கள். தென்னைகள் இரண்டும் போய்விட்டன. பக்கத்து நஞ்சையில் என் மூத்த மகன் சொந்தமாக உழுகிறான், அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தப் படத்தைக் கயல் தன் போனில் எவ்வளவோ தேடினாள். இல்லை. குஞ்சு கிடைத்துவிட்டது என்று நானே ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். பொய் என்று சொல்ல ஆள் இல்லை. எழுத மாட்டேன். தெரியாததைத் தெரிந்ததாக நான் சொன்னது ஒரே ஒரு தடவை, அப்பாவிடம்.

கயலு, டி.வி.யை அணைத்துவிட்டு இந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து சத்தமாக வாசி. எங்கேயாவது 'ந' திரும்பி நின்றால் சிரிக்காதே, நிறுத்தாதே, கடைசி வரைக்கும் வாசி. அந்த நாற்காலியை இப்படித் திருப்பிப் போடு. நான் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.