களா வைக்கக் கூடாத மனை

நான் தங்கியிருக்கும் விடுதியின் மதிலோரம் களாப்பூ வாசனை வந்தாலே இன்றும் எனக்குக் கோபம் பொங்குகிறது. குடியிருப்பவருக்கே மனை என்று மேடைக்கு மேடை முழங்கிய காலத்தில், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்த நாங்கள் கொத்தமல்லி மட்டும்தான் விதைக்கலாம் என்பது பண்ணை உத்தரவு. அது தினமும் தண்ணீர் கேட்கும், நாற்பது நாளில் தீர்ந்துபோகும். தண்ணீரே கேட்காத களாவோ காய்க்கவே மூன்று வருஷமாகும், அத்தனை வருஷம் நாங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சியாகிவிடும் என்று, அம்மா வளர்த்த செடியை வெட்டப் பண்ணைக் காரியக்காரர் ஆளோடு வந்துவிட்டார்.

“மல்லி போட்டுக்கயேன், யாரு வேணாங்கிறா?”

“மல்லியாட்டம் எங்களையும் லேசா புடுங்கிடலாம், அதானேங்க?” என்றாள் அம்மா.

காரியக்காரர் ஆளை விட்டுச் செடியை வெட்டச் செய்தார். வெட்டிய முள்கிளைகளை அம்மா தலையிலேயே ஏற்றி, பண்ணை வேலியில் இருந்த ஓட்டையை அடைக்கச் சொன்னார்.