கைக்குழந்தைக்கும்தான் டிக்கெட் கிடையாது

செய்தி வந்தபோது நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஐப்பசி மழை. வேதவல்லி மேடத்தின் குமாஸ்தா சுந்தரம் போனில், "சார், மேடம் தவறிட்டாங்க சார். காலையில எழுந்திருக்கவே இல்ல. ஹார்ட் அட்டாக்குன்னு டாக்டர் சொல்றாரு" என்றார். "இன்னைக்கு அவங்களுக்கும் எனக்கும் கேஸ் இருக்குதேய்யா" என்பதுதான் என் வாயில் வந்த முதல் வார்த்தை. சுந்தரம் அழ ஆரம்பித்துவிட்டார். ஒருவர் இறந்தால் மற்றவர்களுக்கு உறவோ நட்போ போகும். எனக்கு எதிர்க்கட்சி போய்விட்டது.

இரங்கல் கூட்டத்தில் திண்டிவனம் கோர்ட் நண்பர்கள் நிறையப் பேசினீர்கள். ஏழைகளின் வக்கீல் என்றீர்கள், அஞ்சா நெஞ்சம் என்றீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் எதிரே நின்று தெரிந்தது. அதை எழுத வேறு ஆள் கிடையாது.

நாங்கள் இரண்டு பேரும் மரக்காணம். அவர் தனியாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஆரோக்கியசாமி, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆஜராகிறவன். சாலையில் அடிபட்டவர்கள் அவரிடம் போவார்கள்; இடித்த வண்டியின் கம்பெனி என்னிடம் வரும். காலையில் கோர்ட்டுக்கு ஒரே பஸ், ஒரே சீட். ஜன்னலோரம் அவருக்கு. ஆணும் பெண்ணும் ஒரே சீட்டில் உட்காருவதைப் பற்றி முதலில் ஊர் கொஞ்சம் பேசியது. நாங்கள் போடும் சண்டையைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டது. அவருடைய கட்சிக்காரர்கள் பெரும்பாலும் அதே பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். தன் வக்கீல் எதிர்க்கட்சி வக்கீலுக்கு இட்லி கொடுப்பதைப் பார்த்தால் அவர்களுக்கு வயிறு எரியாதா? அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். பஸ்ஸில் கேஸ் பேசக் கூடாது. ஊர் பேர் இல்லாமல் பொதுவாக எதை வேண்டுமானாலும் பேசலாம்.

கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிச் சண்டை போட்ட அளவுக்கு வேறு எதைப் பற்றியும் நாங்கள் போட்டதில்லை. நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன். கரு உண்டான நொடியிலேயே அது ஒரு உயிர், அதைத் தொட யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி. சட்டமே அனுமதித்ததைக்கூடப் பெண்களுக்குக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிகள் அலைக்கழிக்கின்றன என்பது அவர் கட்சி. "சட்டம் வயித்துக்குள்ள எட்டிப் பாக்க வேணாம், ஆரோக்கியம். வாசல்ல நின்னு, அந்த வயித்துக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டா போதும்" என்பார்.

ஒருநாள் பஸ்ஸே இந்தச் சண்டையில் சேர்ந்துகொண்டது. மீன்கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "அஞ்சாம் மாசம் உள்ள துடிக்கும் பாருங்க, அப்பத்தான் உசுரு" என்றார். "நாள் தள்ளினதுமே வாந்தி வருதே, உசுரு இல்லாமலா வருது?" என்றாள் இன்னொருத்தி. கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தார். "எனக்குத் தெரிஞ்சது இதுதாங்க. வயித்துல இருக்கறதுக்கு டிக்கெட் கிடையாது. பஸ்ஸைப் பொறுத்தவரைக்கும் அது ஆளு இல்ல" என்றார். பஸ் சிரித்தது. மேடம் கையே தட்டிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "கைக்குழந்தைக்கும்தான்யா டிக்கெட் கிடையாது. அதனால அது ஆளு இல்லையா?" என்றேன்.

மேடம் தட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த வெற்றியைப் பல வாரங்கள் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அவரும் பொறுத்துக்கொண்டார்.

அஞ்சலையின் கேஸ் அதற்குப் பிறகு வந்தது. கடல் பொங்கி வந்த அந்த டிசம்பருக்கு முந்தைய உப்புப் பருவம். அஞ்சலை உப்பளத்தில் கூலி வேலை பார்ப்பவள். வயிற்றில் தலைச்சன் பிள்ளை, ஏழு மாதம். வேலை முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நடந்து வந்தவளை ஒரு லாரி இடித்தது. அவள் பிழைத்தாள், பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அவளுக்கு நினைவு திரும்புவதற்குள் புருஷன் அதைச் சுடுகாட்டு வேலியோரம் புதைத்துவிட்டு வந்திருந்தான். எங்கள் பக்கத்தில் பிறக்காமல் போன பிள்ளைக்குப் பேர் வைப்பதில்லை, பால் தெளிப்பதில்லை. மூடிவிட்டு, குளித்துவிட்டு, பேசாமல் இருந்துவிடுவார்கள். அஞ்சலையால் அப்படி இருக்க முடியவில்லை. மேடத்திடம் வந்தாள். "எனக்கு அடிபட்டதுக்கு வர்றது வரட்டும். எம் புள்ளையும் ஒரு ஆளுதான்னு கோர்ட்டுல எழுதி வாங்கிக் குடுங்க மேடம்" என்றாள்.

லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கம்போல என்னிடம் வந்தது. கூத்தைப் பாருங்கள். கரு ஆள்தான் என்று நம்புகிற நான், அது ஆள் இல்லை என்று வாதாட வேண்டும். சட்டம் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம் என்ற அவர், உள்ளே இருந்தது ஒரு ஆள் என்று வாதாட வேண்டும். என் மனைவி ஸ்டெல்லா, "அது ஆளே இல்லன்னு கோர்ட்டுல சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை கோயில்ல எந்த வாயால நன்மை அப்பம் வாங்குவீங்க?" என்றாள். மேடம் அதற்கும் ஒருபடி மேலே போனார். "பீஸ் வாங்கிட்டுச் செஞ்ச பாவத்துக்கு உங்க சாமியார் தனி மன்னிப்பு வச்சிருக்காராப்பா?" என்றார். "நீங்க மட்டும் என்னவாம்?" என்றேன். "எனக்குத்தான் சாமியாரே இல்லையே. நானே என்னைத் திட்டிக்கணும்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தக் கேஸில் அவர் எவ்வளவு தனியாகிப்போனார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. பெண்களுக்காகப் பல வருடம் அவரோடு நின்றவர்கள் சிலர் வெளியூரிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தார்கள். வயிற்றில் இருப்பதை ஒரு ஆள் என்று கோர்ட்டில் எழுதி வாங்கினால், நாளைக்குக் கலைக்கப் போகிற பெண்ணைக் கொலைகாரி என்பார்கள், இந்தக் கதவைத் திறக்காதீர்கள் என்றார்கள். அப்புறம் அவரைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் பஸ்ஸில் டிபன் டப்பாவைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தார். அன்றைக்கு விதியை அவரே மீறினார்.

"அவங்க சொல்றது சரியாவே இருக்கலாம், ஆரோக்கியம். எனக்கும் அந்தப் பயம் இருக்குது. ஆனா அஞ்சலைக்கு நான் என்ன சொல்றது? உன் புள்ளைய எண்ணினா மத்த பொம்பளைங்களுக்குக் கஷ்டம், அதனால நீ மறந்துடுன்னா?"

நான் எதிர்க்கட்சி வக்கீல். டப்பாவை வாங்கித் திறந்து, முதல் இட்லியை அவர் கையில் வைத்தேன்.

கடல் வந்துபோன பிறகு உப்பளமெல்லாம் சேறாகிக் கிடந்தது. வேலையில்லாத அந்த மாதங்களில் அஞ்சலைக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. விபத்தில் கிழிந்து தைத்த கர்ப்பப்பை. இதை வளரவிட்டால் உன் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். அவள் கலைத்துவிட முடிவு செய்தாள். மாமியார் விடவில்லை. "போனவனே திரும்பி வந்திருக்கான், அவனை இன்னொரு தரம் கொல்லப் போறியா?" என்றாளாம். மகனையும் கையெழுத்துப் போடக் கூடாது என்று தடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலோ புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். மேடம் போனார். "வயசு வந்த பொம்பளைக்கு அவ சம்மதம் போதும்னுதான் சட்டம் சொல்லுது. புருஷன் கையெழுத்துன்னு அதுல ஒரு வரி காட்டுங்க, நானே போய் அவனை இழுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுந்தார். இது வெளியே தெரிந்தால் கேஸ் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. சாட்சிக் கூண்டில் அஞ்சலையை விசாரிக்கும்போது மேடமே கேட்டார்: "அதுக்கப்புறம் நீ ஒரு கருவைக் கலைச்சியாம்மா?" "ஆமாங்க" என்றாள் அஞ்சலை. அவளிடம் முன்பே கேட்டுக்கொண்டுதான் இதைச் செய்தார் என்று பிறகு அறிந்தேன். "எதிராளி தோண்டி எடுக்கற வரைக்கும் புதைச்சு வச்சிருக்கக் கூடாது. நாமே எடுத்து வெயில்ல வச்சிடணும்" என்பது அவர் வழக்கம்.

குறுக்கு விசாரணைக்கு நான் எழுந்தேன். கேட்காமல் உட்கார்ந்தால் என் கட்சிக்காரருக்குத் துரோகம். "ரெண்டாவது வந்ததை நீயே வேணாம்னு சொல்லியிருக்கே. அப்போ முதல்ல இருந்தது மட்டும் எப்படிம்மா ஆளாகும்?" என்றேன்.

அஞ்சலை என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ரெண்டுமே என்னோடதுதாங்க சார். ரெண்டாவதை டாக்டர் என்னைக் கேட்டாரு. அழுதுகிட்டே வேணாம்னேன். முதல்ல இருந்ததை யாருமே என்னைக் கேக்கலியே?"

வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வாதம் நடந்த நாளில், பிறந்து மூச்சு விடாததைச் சட்டம் ஆளாக எண்ணுவதில்லை என்று எடுத்துச் சொன்னேன். பஸ்ஸில்கூட அதற்கு டிக்கெட் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன், நீதிபதி புன்னகைத்தார். மேடம் எழுந்தார். நீதிபதியைப் பார்க்க வேண்டியவர் என்னைப் பார்த்தார். "கைக்குழந்தைக்கும்தான் டிக்கெட் கிடையாதுங்க. அதனால அது ஆளு இல்லையா?" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், "அது என் வாதம், மேடம்" என்றேன். "தெரியும். உன்னைவிட நல்லா சொன்னேன்ல?" என்றார். அப்போ நீங்களும் நம்ப ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "எனக்கு இன்னும் தெரியலப்பா, அது ஆளா இல்லையான்னு. அவளுக்குத் தெரியுது. எனக்கு அது போதும்."

தீர்ப்பு அஞ்சலைக்குச் சாதகமாக வந்தது. தாய்க்கு ஏற்பட்ட காயம் தனி, இறந்த பிள்ளை தனி என்று பிரித்தே எழுதியிருந்தார் நீதிபதி. சுந்தரத்திடம் அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லி அஞ்சலை திரும்பத் திரும்பக் கேட்டாளாம். கம்பெனி விடவில்லை, மேல்முறையீடு செய்யச் சொன்னது. அது சென்னையில் நிலுவையில் இருக்கும்போதுதான் மேடம் போய்விட்டார்.

மறுநாள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனோம். சென்னையிலிருந்து வந்த தம்பி, சுந்தரம், நான், இன்னும் இரண்டு பேர். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உப்பளம் முழுக்கத் தண்ணீர். அஞ்சலை எங்களுக்கு முன்பே வந்து ஓரமாக நின்றிருந்தாள். "பொம்பளைங்க இங்கெல்லாம் வரக் கூடாதும்மா" என்றார் வெட்டியான். அவள் போகவில்லை. தம்பி பாலைத் தெளித்து முடித்தார். அப்போது அருகே வந்து, "சொம்புல மிச்சம் இருக்கறதை எனக்குக் குடுங்கய்யா" என்றாள். எதற்கு என்று தம்பிக்குப் புரியவில்லை. நான்தான் வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

வேலியோரம் புல் முளைத்த ஓர் இடத்துக்குப் போனாள். நானும் குடையோடு பின்னால் போனேன். அவள் பாலை ஊற்றினாள். நான் சிலுவை போட்டுக்கொண்டு, எங்கள் வழக்கப்படி ஒரு ஜெபம் சொன்னேன். கோர்ட்டில் ஆளே இல்லை என்று நான் சொன்ன பிள்ளைக்கு. இறந்தவர்களுக்குச் சொல்லும்போது பேர் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். அதனால் கேட்டேன்: "பேரு ஏதாவது வச்சிருந்தியாம்மா?"

"வச்சேங்க."

"என்ன பேரு?"

காலிச் சொம்பைப் புடவையில் துடைத்தாள். "மேடத்துக்கிட்ட மட்டும் சொன்னேன். உங்களுக்கு எப்படி சார் சொல்றது? நீங்க எதிர்க்கட்சியாச்சே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

மேல்முறையீட்டுக் கேஸ் கட்டை நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். சென்னையில் இரண்டு தரப்புக்கும் வேறு வக்கீல்கள், அவர்கள் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் இல்லை. தீர்ப்பின் அந்த வரி நிற்குமா அடிபடுமா, தெரியாது. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது, நான் சொல்லி அவர் வாங்கிக்கொண்டுபோன அந்த ஒரு வாக்கியம்தான். இப்போது அதை நினைத்தால் அவர் குரலில்தான் கேட்கிறது. என் குரல் அதிலிருந்து போய்விட்டது.

போன வாரம் பஸ்ஸில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி நின்றுகொண்டு வந்தாள். காலியாக இருந்த ஜன்னலோரத்தைக் காட்டி, உட்காரச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன். அதே கண்டக்டர் வந்தார், அவளுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினேன். அந்தப் பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். சண்டைக்கு ஆள் இல்லை.