முனியம்மா அக்கா தார் பூசிய கல்

செவ்வாய்க்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். முனியம்மா அக்காவின் மருமகள் சரளா வாசலில் வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை. "அத்தை போயிட்டாங்க. மூணு நாளா கஞ்சிகூட எறங்கல" என்றாள். களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

ரோட்டு முனியம்மா என்று அவளை அறிந்த நம் தெருக்காரர்களுக்கும், அவளோடு ஜல்லி சுமந்து இன்னும் உயிரோடிருக்கும் இரண்டொருவருக்கும் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து என் பேத்தியே "அச்சு மாதிரி இருக்குது" என்பாள். எழுத எனக்கு என்ன கூச்சம்?

யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் ரோட்டு வேலையில் இருந்தோம். திருவாலங்காட்டுக்குப் பிரியும் முக்கூட்டைத் தாண்டி, திருத்தணி போகும் நேர்ரோட்டில் எங்கள் குடிசைகள். அவள் மைல் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். எழுத்தில் கறுப்பு மை நிரப்பும் வேலையை மேஸ்திரி எனக்குத்தான் கொடுத்திருந்தார். "ஏ படிச்சவளே, உன் எழுத்து குடிச்சிட்டு நிக்குது பாரு" என்று என்னைச் சீண்டுவாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. "உனக்கு இன்னா தெரியும்?" என்பேன். "கோணல் தெரியும்டி" என்பாள்.

அவளுக்குப் புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள். அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் ஓவர்சியர் தார்ப் பீப்பாயோடு வந்தார். மைல் கல்லில் ஊர்ப் பெயரும் தூரமும் தெரியாமல் பூச வேண்டுமாம். ஜப்பான்காரன் இறங்கினால் வழி தெரியக்கூடாதாம். புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் வழி சொல்லவும் கூடாதாம்.

"ஏங்க, சப்பான்காரனுக்குத் தமிழ் படிக்க வருங்களா?" என்று அக்கா கேட்டாள்.

எங்கள் மேஸ்திரி தெலுங்குக்காரர், வயதானவர். "உனக்கு எதுக்கும்மா அந்தப் பேச்சு? தாரை ஊத்து" என்றார்.

"ஆங், ஊத்தறேன் நைனா. சப்பான்காரன் வந்து அழுதான்னா நீயே பதில் சொல்லு."

முக்கூட்டுக் கல்லை அவள்தான் பூசினாள். அது வேப்பமரத்தடியில் இருந்தது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி கட்டி வந்த கூட்டத்தில் யாரோ அதை எண்ணெய் குளித்த சாமி என்று நினைத்துக் குங்குமம் வைத்தார்கள். அடுத்து வந்தவர்கள் பூப் போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் பூசின சாமிடி இது. எனக்குத்தான் மொத மரியாதை."

அந்த வெயில் காலத்திலேதான் பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். அக்காவின் தங்கை சின்னபொண்ணு அங்கே நிறைமாதமாக இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. அக்கா குடிசைதான் அவளுக்குத் தாய்வீடு; ஆனால் அக்கா ரோட்டோரத்தில் குடிசை போட்ட பிறகு அவள் வந்ததில்லை. பிரசவத்துக்கு வரச் சொல்லி மாசி மாதமே அக்கா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். "முக்கூட்டுல ஒரு கல்லு இருக்கும். திருத்தணின்னு எழுதியிருக்கிற பக்கமா வந்தா நம்ம குடிசை" என்பதுதான் அவள் சொன்ன அடையாளம். தார் வந்தது அதற்குப் பிறகு.

ரயிலில் இடம் இல்லை. ஏற்றிவந்த வண்டிக்காரன் திருவள்ளூரோடு திரும்பிவிட்டான். புருஷன் கன்னியப்பன் அவளை நடத்திக் கூட்டிவந்தான். முக்கூட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர்கள் போனது திருவாலங்காட்டுப் பாதையில். வயல்வெளியில் வலி கண்டுவிட்டது. மறுநாள் காலை சேதி வந்து நாங்கள் ஓடினோம். பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை.

கன்னியப்பன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். "எழுத்து போட்ட கல்லத் தேடிக்கினே வந்தேன் அண்ணி. ஒண்ணுமே காணோம். ஒரு ஆளக் கேட்டா தெரியாதுன்னுட்டுப் போறான். முக்கூட்டுல ஒரு சாமி இருந்துச்சு. இவ கும்பிட்டுட்டு, இந்தப் பக்கம்தான் தோணுதுன்னா."

யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டோம். அக்கா தானே சொன்னாள். "அது சாமி இல்லப்பா. அதான் கல்லு. நான்தான் தார் பூசினேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கடைசிவரை அவள் வீட்டுப் படி ஏறவில்லை.

அடக்கம் செய்துவிட்டு வந்தவள் அரிவாளை எடுத்துக்கொண்டு முக்கூட்டுக்குப் போனாள். பட்டப்பகலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, தாரைச் சுரண்டினாள். "வேல போயிடும், புள்ளைங்களைப் பாரும்மா" என்று மேஸ்திரி கெஞ்சினார். "போவட்டும் நைனா" என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். வேலை போயிற்று. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மூத்தவன் மாடு மேய்க்கப் போனான். அதற்காக அவன் அம்மாவை மன்னித்தானா என்பது எனக்குத் தெரியாது. கல்லுக்கு மறுபடியும் தார் வந்தது, மறுபடியும் குங்குமம் வந்தது.

அவள் அக்கம்பக்கத்து நிலங்களில் களையெடுத்துக்கொண்டு, முக்கூட்டில் ஒரு தண்ணீர்ப் பானை வைத்தாள். நடந்து வருகிறவர்களுக்கு மொண்டு ஊற்றுவாள். ஒருநாள் போலீஸ்காரர் அதட்டினார்.

"வழி சொல்றியா?"

"தண்ணி ஊத்தறேங்க. அவங்க போவ வேண்டிய பக்கம் பார்த்து நின்னு குடிக்கச் சொல்றேன். அது தப்புங்களா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. சின்னபொண்ணு போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து மைல் போய் கிலோமீட்டர் வந்தது. முக்கூட்டில் புதுக் கல் நட ஆட்கள் வந்தார்கள். நானும் அவளும் போய் நின்றோம். "தூரம் அதேதாம்மா, நம்பர்தான் கூட" என்று ஒருவன் விளக்கினான். "நம்பரை எப்படினா போட்டுக்கோங்க. ஊர்ப் பேரைப் பெருசா எழுதுங்க" என்றாள் அக்கா. பழைய கல்லைப் பிடுங்கப் போனபோது ஊர் ஜனம் திரண்டு வந்து தடுத்துவிட்டது. அதற்குத் தகரக் கூரை போட்டாயிற்று. பிள்ளைத்தாய்ச்சிகள் சுகப்பிரசவம் வேண்டித் தொட்டில் கட்டுகிற சாமி ஆகிவிட்டது அது.

எனக்கு மனசு ஆறவில்லை. "இன்னா கல்லுன்னு சொல்லிடலாமே அக்கா" என்றேன்.

"சொன்னா இன்னா ஆவப்போவுது? அவளும் கும்பிட்டுட்டுத்தான் போனா. கும்பிட்டவங்க எந்தப் பக்கம் திரும்புறாங்கன்னு மட்டும் பாரு" என்றாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பேச்சு ஒன்றைத்தான். அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் முக்கூட்டுக்குப் போயிருந்தேன். நிறைமாதக்காரி ஒருத்தி தொட்டில் கட்டிக் கண்ணை மூடி நின்றாள். முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எந்த ஊர் போகவேண்டும் என்று கேட்டு, அவள் பையை வாங்கிக்கொண்டு, அந்த ரோட்டில் அவளோடு நடந்தேன்.