டிக்கித் தண்ணீரும் தயிர்த் தூக்கும்

போன வாரம் மழைக்காக சித்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் வாசலில் கால் துடைக்கக் கோணிச்சாக்கு ஒன்றைப் போட்டிருந்தார். காலையிலிருந்து ஊரே மிதித்த சாக்கு. அந்த ஈர நாற்றம் எழுந்ததும் நின்றிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் மல்லிகைப் பந்தலின் கீழ் நிற்பவனைப் போல இன்னொரு டீ சொன்னேன். என் பழைய காரின் டிக்கி இப்படித்தான் மணக்கும்.

பழைய கார் என்றால், நான் வாங்கும்போதே பழையது. பலமனேர் காய்கறி வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். "ஒரே ஆள் ஓட்டின வண்டி" என்று பெருமையாகச் சொன்னார். ஒரே ஆளால் இவ்வளவு பாழாக்க முடிந்திருக்கிறதே என்று எனக்கும் பிரமிப்பாக இருந்தது.

அந்தக் காரில் நாங்கள் மூன்று பேர் தினமும் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஒரே ஆபீசுக்குப் போய்வந்தோம். ஓட்டுவது நான். பக்கத்து சீட்டில் முனிரத்தினம் அண்ணன். பூதலப்பட்டு தாண்டுவதற்குள் குறட்டை விடுவார், சந்திரகிரி வந்ததும் எழுந்து "பாத்து ஓட்டு தம்பி" என்பார். பின்சீட்டில் எஸ்தர். எங்கள் சபையைச் சேர்ந்த பெண். மேனேஜர் எப்படி நடப்பார், பாஸ்டர் எப்படி இருமுவார் என்று அவள் நடித்துக் காட்டுவதில் வழி போவதே தெரியாது. உண்மையைச் சொன்னால், அந்தக் காரில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பாகம் எஸ்தர்தான்.

திங்கட்கிழமைகளில் அவள் அம்மா திருப்பதியிலிருக்கும் மூத்த மகளுக்கு ஒரு தூக்கு நிறையத் தயிர் கொடுத்தனுப்புவார். தூக்கு டிக்கியில் வரும். மழைக்காலம் தொடங்கி டிக்கி நாற ஆரம்பித்தபோது என் துப்பறியும் மூளை கண நேரத்தில் முடிவெடுத்துவிட்டது. தயிர்!

ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அதில் கொசுப்புழுக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகும் நான் அசரவில்லை. தண்ணீர் வேறு, நாற்றம் வேறு என்று விளக்கினேன். தண்ணீரையும் சும்மா விடவில்லை. மெக்கானிக் பாபுவிடம் போய் டிக்கியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையை மாற்றினேன். பின்விளக்குகளைக் கழற்றி வாஷர் போட்டோம். பாபு டிக்கி ஓரமெல்லாம் முகப்பவுடரைத் தூவி, தண்ணீர் எந்த வழியாகக் கோடு போடுகிறது என்று பார்த்தான். தண்ணீர் போட்ட கோடு ஆந்திரா வரைபடம் போலிருந்தது. கார் மட்டும் இரண்டு நாளைக்குக் கல்யாண மண்டபம் போல மணத்தது.

ஒருமுறை பாபு டிக்கி மூடியின் வெளிப்பக்கம் விரலை நீட்டி, "சார், இத ஒருவாட்டி கழட்டிப் பாக்கலாமா?" என்றான். 'இது' என்றது அங்கே இருந்த எவர்சில்வர் சிலுவை. எங்கள் சபை வாலிபர் சங்கம் விற்றது. சபையில் கார் வைத்திருந்த எல்லோரும் வாங்கி, பசை டேப்பில் ஒட்டியிருந்தார்கள்.

"சாமி விஷயத்துல கை வைப்பியா?" என்றேன்.

பாபு சட்டென்று கையை இழுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பின்விளக்கை நான்காவது முறையாகக் கழற்றப் போனான். சித்தூரில் திருப்பதி போகும் ரோட்டோரம் கடை வைத்திருப்பவன். எந்தச் சாமியின் சின்னத்தையும் ஸ்க்ரூடிரைவரால் தொடமாட்டான்.

இதற்கிடையில் என் தயிர்க் கொள்கை ஆபீஸ் முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியவர் யார் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் யாரோ எஸ்தரிடம், "உங்கம்மா தயிர்தானாமே காரை நாறடிக்கிறது?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று மாலை சித்தூர் வரும்வரை காரில் பாஸ்டர் இருமவில்லை, மேனேஜர் நடக்கவில்லை. இறங்கும்போது சொன்னாள்:

"எங்கம்மா தூக்கு ஒரு சொட்டு சிந்தாது. ஞாயித்துக்கெழம முனிரத்தினம் அண்ணா வூட்டாண்ட வண்டிய நிறுத்து. தண்ணி ஊத்திப் பாத்துடலாம். தயிருன்னா நான் மன்னிப்பு கேக்கறேன். தண்ணி எங்கேந்து வருதுன்னு கண்டுபிடிக்கலன்னா, திங்கக்கெழமலேந்து நான் பஸ்ல போறேன்."

முனிரத்தினம் அண்ணன் அன்றுதான் முழு வழியும் விழித்திருந்தார். "அது போயிட்சின்னா உன் மூஞ்சியவா பாத்துக்கினு போவேன் நானு?" என்றார். எனக்கும் அதே பயம்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு போனேன். முறை எளிது: ஒருவர் டார்ச்சோடு டிக்கிக்குள் படுக்க வேண்டும், வெளியே இன்னொருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே படுக்க அளவாக இருப்பது நான்தான் என்று இருவரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள். மூடியின் உள்பக்க அட்டையைப் பிரித்துவிட்டு, முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துப் படுத்தேன். அண்ணன் மூடியைச் சாத்தினார். எஸ்தர் முதல் பக்கெட்டை ஊற்றினாள்.

ஓரங்கள் காய்ந்து கிடந்தன. பின்விளக்குகள் கற்போடு இருந்தன. நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. டார்ச்சைத் திருப்பினேன். தலைக்கு நேர்மேலே, மூடித் தகட்டில் இரண்டு திருகு முனைகள். அவற்றுக்கு ஒரு விரல்கடை தள்ளி, திருகே இல்லாமல் ஒரு ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் பொட்டுப் பொட்டாக இறங்கி, மூடியின் மடிப்புக்குள் ஓடி, எங்கோ ஒரு மூலையில் அப்பாவிபோல் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஓட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒட்டிய சிலுவை வெயிலில் இரண்டு முறை கழன்று விழுந்தது. சபையில் மற்றவர்கள் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். என் விசுவாசம் அவ்வளவு சாதாரணமானதா? டிரில் இரவல் வாங்கி வந்து திருகிவிட்டேன். முதல் ஓட்டை கோணலாகிவிட்டது. தள்ளி வேறு இரண்டு போட்டு, கோணலை அடைக்காமல் சிலுவையாலேயே மறைத்தேன். அப்புறம் அதை யாரும் தொடக்கூடாது என்று பக்தியோடு பார்த்துக்கொண்டேன்.

"இன்னாண்ணா, தெரியுதா?" என்று வெளியே எஸ்தரின் குரல்.

'ரப்பர் பட்டை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அடுத்த மழையிலும் டிக்கி நாறி, பழி மறுபடி தயிர் மேல் விழுந்து, அவள் பஸ்ஸில் ஏறுவதும், தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களின் முழங்கைக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதும் அந்த இருட்டில் தெளிவாகத் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் உண்மை சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு இனி வாய்க்காது என்றும் தோன்றியது.

"எஸ்தரு... தயிர் இல்ல."

"கேக்கல!"

"தயிர் இல்லம்மா! சிலுவைக்குப் பின்னாடி ஓட்டை. நான் போட்டது."

 முனிரத்தினம் அண்ணன் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கார் குலுங்கியது.

"யாரு போட்டது?" என்று கேட்டு, இன்னொரு பக்கெட் ஊற்றினாள் எஸ்தர்.

"நான்தான்! தப்பு என்னுது. உங்கம்மாகிட்டயும் வந்து சொல்றேன்."

"ஆபீஸ்ல?"

"ஆபீஸ்லயும். அண்ணா, மொதல்ல தெறந்து வுடுங்க!"

"இரு தம்பி," என்றார் அண்ணன். "சாவிய எங்க வெச்சேன்னு தேடிக்கினு கீறேன்." சாவி அவர் கையில் கிலுகிலுவென்று ஒலித்தது.

மறுநாள் காலை பாபு சிலுவையைக் கழற்றச் சொன்னான், நானே கழற்றினேன். மூன்று ஓட்டையையும் ரப்பர் மூடி வைத்துப் பசை பூசி அடைத்தான். சிலுவையை டேப்பில் ஒட்டினோம். எஸ்தர் வந்தாள். தயிர்த் தூக்கை முன்சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட் மாட்டினாள். அண்ணன் பின்சீட்டுக்குப் போனார். காணிப்பாக்கம் திருப்பம் வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், டிக்கிக்குள்ளிருந்து பேசும் என்னை அப்படியே நடித்துக் காட்டியது. அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியானது.

அந்தக் கார் இப்போது இல்லை. முனிரத்தினம் அண்ணன் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து வரதய்யபாளையம் பக்கம் குடிபோனார். எஸ்தர் கல்யாணமாகி சூளூர்பேட்டையில் இருக்கிறாள். சண்டை ஒன்றுமில்லை, ஆளாளுக்கு ஒரு ஊர், ஒரு வண்டி. எனக்கும் புது வண்டி வந்துவிட்டது. ரோடும் அகலமாகிவிட்டது, சீக்கிரம் போய்விடலாம். போன மாதம் என் சாப்பாட்டுப் பையிலிருந்து சாம்பார் கொட்டி, கார் மூன்று நாள் நாறியது. வழக்கம்போல என் மூளை குற்றவாளியைத் தேடிப் பின்னால் திரும்பியது. சீட்டில் ஒருவரும் இல்லை.