ஐப்பசியில் மீன் பிடிக்கலாம் என்று சொன்னேன்

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் ஆளில்லாத தீவுக்குப் போய் மீன் பிடிக்க ஐப்பசிதான் நல்ல மாதம் என்று ஒரு மனிதரிடம் சொன்னேன். அது பொய். தெரியாமல் சொன்ன பொய்யும் இல்லை. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர். எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து காற்று வரும் என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டவன். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளி முகத்தில் வீசும். ஐப்பசி பிறந்தால் வாடை கிளம்பி மழையும் சேர்ந்து கடலைக் கலக்கும். மாசி பங்குனியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், தீவை ஒட்டிய பாறைகளுக்கு மீன் வரும். இதெல்லாம் தெரிந்துதான் ஐப்பசி என்றேன்.

காரணம் என் வீட்டில் இருந்தது. நாங்கள் சைவம். வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட அடுப்பேறாது. அப்படிப்பட்ட வீட்டு ஆளுக்கு எப்படியோ தூண்டில் பைத்தியம் பிடித்துவிட்டது. பிள்ளைகளைத் துறைமுகம் காட்டக் கூட்டிப்போன இடத்தில் ஒரு வள்ளக்காரர் என் கையில் தங்கூசியைக் கொடுத்து, "சும்மா பிடியும் சார்" என்றார். நைலான் நூலின் மறுமுனையில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்னை வெடுக்கென்று இழுத்தது. அந்த இழுப்பு போதும். மீனை நான் தின்றதில்லை. பிடித்து வள்ளக்காரரிடமே கொடுத்துவிடுவேன்.

வீட்டில் சொல்ல முடியுமா? அதனால் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் விரதம் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, வருஷா வருஷம் ஐப்பசியில் இரண்டு நாள் தூத்துக்குடியில் இறங்கிவிடுவேன். மழை விட்ட நேரத்தில் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவேன். கிளம்பும்போது எலுமிச்சம்பழமும் சீயக்காயும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவேன். முதல் வருஷம் மட்டும் உண்மையாகவே கோயிலுக்குப் போய், பன்னீர் இலை விபூதி நிறைய வாங்கி ஒரு கவரில் பத்திரமாக வைத்திருந்தேன். அடுத்தடுத்த வருஷங்களுக்கு அதுவே பிரசாதம். என் மனைவி அதைக் கண்ணில் ஒற்றி, மூட்டுவலிக்கு முழங்காலில் பூசிக்கொள்வாள்.

மாசியில் போகலாமே என்றால், மாசித் திருவிழாவுக்கு அவள் பிறந்த வீடே திரண்டு திருச்செந்தூருக்கு வந்துவிடும். பங்குனியில் பரீட்சை. எனக்கு வாய்த்தது ஐப்பசி மட்டும்.

இனி அந்த மனிதர். எங்கள் பள்ளியின் டிராயிங் மாஸ்டர், என் நண்பர், வேதக்கார வீட்டு ஆள், அதாவது கிறிஸ்தவர். மதியம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் ஒரு கதையையும் திறப்பார். அதில் அடிக்கடி வருவது, பத்து வயதில் மாமாவோடு தீவுக்குப் போய் அவர் பிடித்த பாரை மீன்.

"எம்புட்டு இருந்துச்சு சார்வாள்?" என்று பி.டி. மாஸ்டர் கேட்பார். தெரிந்தே கேட்பார்.

"நிறுத்தி வச்சா என் இடுப்பு உயரம்."

"போன வாரம் தொடை வரைக்கும்தான இருந்துச்சு. உம்ம டப்பாவுக்குள்ள வளருதோ?"

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் இந்தக் கேலி முற்றிப் பந்தயமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் டிராயிங் மாஸ்டர் தன் கையால் ஒரு கடல் மீன் பிடித்துவந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இந்த அறையில் மீன் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

"சாட்சி?" என்றார் ஒருவர்.

"பூகோளத்தை அனுப்புவோம்," என்றார் பி.டி. மாஸ்டர். "சைவம். மீனு மேல ஆசையும் இல்ல, பயமும் இல்ல. உள்ளதைச் சொல்லுவாரு."

அன்று சாயங்காலம் டிராயிங் மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். "எந்த மாசம் போவோம்? நீரு சொல்லும். காத்து, கடல் எல்லாம் உம்ம பாடம்லா" என்றார். மாசி என்று சொல்லி, பந்தயத்தைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கலாம். பி.டி. மாஸ்டர் ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் மாசியில் நான் போக முடியாது. எனக்கோ தீவு வரை போக வேண்டும் என்று பல வருஷ ஆசை.

"ஐப்பசி" என்றேன். "தாமிரவருணியில புதுவெள்ளம் வந்து புன்னைக்காயல்ல கடலுக்குள்ள விழும். அது கொண்டாற சகதியைத் திங்க மீனெல்லாம் கூட்டங்கூட்டமா வரும். வாடை பலக்கிறதுக்கு முன்னால நாம போயிட்டு வந்திருவோம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே நம்பலாம் போல இருந்தது. அவர் மறுநாள் அதை ஒரு வரைபடமாகவே வண்ணத்தில் தீட்டிக் கொண்டுவந்தார். ஆற்று முகத்தில் வாயைத் திறந்துகொண்டு நாற்பது மீன்.

வள்ளக்காரர் எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐப்பசியில எவன் சார் தீவுக்குப் போவான்? யாரு சொன்னா உங்களுக்கு?"

நான் வானத்தைப் பார்த்தேன். டிராயிங் மாஸ்டர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அவசரம் அண்ணாச்சி. பைய ஓட்டுனாப் போதும்" என்றார்.

மழை சற்று விட்ட இடைவெளியில் கிளம்பினோம். தீவு கண்ணுக்குத் தெரிவதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. தூண்டில் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. டிராயிங் மாஸ்டர் காலையில் தின்ற இட்லியை எல்லாம் கடலுக்குக் கொடுத்தார். ஒரு கையில் குடை, மறு கையில் தங்கூசி. மதியம் வரை ஒன்றும் கடிக்கவில்லை. கடைசியில் நூல் அசைந்தது. அவர் கத்திக்கொண்டே இழுத்தார். வந்தது உள்ளங்கை அளவு பேத்தை மீன். பலகையில் போட்டதும் காற்றை இழுத்து இழுத்துப் பந்தாக உப்பி, எங்கள் மூவரையும் முறைத்துப் பார்த்தது.

"இதுவும் மீனுதான? கொண்டு போவோம்" என்றார் நண்பர் பரிதாபமாக.

"இது விஷம் சார். இதை ஆக்கித் தின்னா, மறுநாள் உம்ம பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவாங்க" என்று அதைக் கடலிலேயே விட்டார் வள்ளக்காரர்.

திரும்பும் பஸ்ஸில் நண்பர் நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே, "உள்ளதைச் சொல்லிரும் வே" என்றார்.

உள்ளதைச் சொன்னேன். பேத்தையையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் எல்லாரும் அவ்வளவு ஆவலாகக் கேட்டார்கள். கன்னத்தை உப்பி நடித்தும் காட்டினேன். அறை அதிர்ந்தது. "கொண்டாந்திருக்கலாம்லா, நம்ம பிள்ளைகளுக்கு ஒரு ஃபுட்பால் குறையுது" என்றார் பி.டி. மாஸ்டர். அன்று முதல் டிராயிங் மாஸ்டருக்குப் பேத்தை மாஸ்டர் என்று பெயர்.

அதன் பிறகு ஒருவர் கேட்டார்: "ஆமா, ஐப்பசியில போகச் சொன்னது யாரு?" நான்தான் என்று சொல்ல நல்ல இடம் அது. நான் சொன்னது வேறு: "கிறிஸ்துமஸ் கெடுவுக்குப் பயந்து அவருதான் அவசரப்பட்டாரு." டிராயிங் மாஸ்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு டப்பாவை மூடினார். ஐப்பசி என்ற பொய்யைவிட இதுதான் பெரிது. அப்போதே எனக்குத் தெரியும்.

பட்டப்பெயர் பிள்ளைகளிடம் போய்ச் சேர ஒரு வாரம் ஆகவில்லை. அவர் வகுப்புக்குள் நுழையும்போது பலகையில் உருண்டையாக ஒரு மீன் இருக்கும். "வாலையாவது ஒழுங்காப் போடுலே" என்று திருத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார். ஒருநாள் அவர் மேஜையில் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிய நெத்திலிக் கருவாடு இருந்தது. 'தீவிலிருந்து அன்புடன்' என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து இல்லை. ஆனால் சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

மீன் கதை நின்றது. பிறகு மற்றக் கதைகளும் நின்றன. மதியம் டிராயிங் ஹாலிலேயே தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். என்னிடம் பேசுவார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடப்பார், ஆனால் நான் கேட்டால் பதில் என்கிற அளவில். அப்படியே நாலைந்து வருஷம். நானும் வருஷா வருஷம் கவரிலிருந்து விபூதி எடுத்து வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் பள்ளியில் விழா. எங்கள் மனைவிமாரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச வந்தவர்கள் எல்லாரும் அவர் பொறுமையைப் புகழ்ந்தார்கள், ஆளுக்கு ஒரு தடவை பேத்தையையும் இழுத்தார்கள். பி.டி. மாஸ்டர் சால்வை போர்த்தும்போது கன்னத்தை உப்பிக் காட்டினார். சிரிப்பு அடங்கவே இல்லை. நண்பரும் சிரிப்பது மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. நான் எழுதி வைத்திருந்த பேச்சு சட்டைப்பையிலேயே இருந்தது. "ஐப்பசி என்று சொன்னது நான்" என்று ஆரம்பித்தேன். மாசி பங்குனிதான் காலம் என்று தெரியும் என்றேன். பின் ஏன் அப்படிச் சொன்னேன் என்றும் சொல்லித்தானே ஆக வேண்டும்? சஷ்டி விரதம், எலுமிச்சம்பழம், சீயக்காய், விபூதிக் கவர் எல்லாம் வந்தது. கூட்டம் ஆரம்பத்தில் நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டியது. பிறகு முன்வரிசையில் என் மனைவியின் முகத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

வீட்டில் எட்டு நாள் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. ஒன்பதாம் நாள், "அந்த விபூதி?" என்றாள்.

"அது உண்மையான விபூதிதான். முதல் வருஷத்து விபூதி."

"முருகன் கெட்டிக்காரன். உங்களைக் கைவிட்டுட்டான், என் முட்டியைக் கைவிடல." பிறகு, "அந்த சாரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. எந்த மாசம் நல்லதோ அந்த மாசம் போங்க. விரதம்னு சொல்லாண்டாம். மீன் பிடிக்கப் போறேன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

அடுத்த பங்குனியில் அப்படியே சொல்லிவிட்டு, பரீட்சை மேற்பார்வையை ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினேன். டிராயிங் மாஸ்டர் வரவே மாட்டேன் என்றார். வள்ளக்காரரே வரச் சொல்லி ஆள் விட்டிருக்கிறார் என்று ஒரு பொய் சொல்லித்தான் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கடல் பளிங்காக இருந்தது. தீவை ஒட்டி வள்ளத்தை நிறுத்தி, இறாலைக் கோத்துப் போட்டோம். வெயில் ஏறியபோது அவர் நூல் விறைத்தது. நூலோடு அவரும் முன்னால் இழுபட்டார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விட்டுப் பிடியும் சார்! அதுவா அலுத்து வரட்டும்!" என்று கத்தினார் வள்ளக்காரர்.

"விடமாட்டேம்லே!" இது மீனிடம் சொன்னது.

அரைமணி நேரம். விரலை நூல் அறுத்து ரத்தம் வந்தது. கடைசியில் வெள்ளித் தாம்பாளம் மாதிரி ஒரு பாரை மீன் பலகையில் விழுந்து புரண்டது. அவர் அதை வாலில் நிறுத்தித் தன் காலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

"பத்து வயசுல என் இடுப்பு இம்புட்டு உயரத்துலதான வே இருந்திருக்கும்?" என்றார்.



ஓலைப்பெட்டியில் ஐஸ் போட்டு மீனை வைத்து, பஸ் ஏறி, சாயங்கால மணி அடிப்பதற்குள் ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய்விட்டோம். மேஜையில் மீனைக் கண்டதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பி.டி. மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல மீனு. எந்த மார்க்கெட்டுல வாங்குனீரு?"

"நான் பார்த்தேன். இவர் கையால பிடிச்சது" என்றேன் நான்.

"யாரு, நீரா?" பி.டி. மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. "முருகன் பேரைச் சொல்லிப் பொண்டாட்டிகிட்டயே வருஷக்கணக்காப் புளுகுன ஆளு. மைக்கைப் பிடிச்சு நீரே ஒத்துக்கிட்டீரு. உம்ம சாட்சி செல்லுமா வே?"

அறை மறுபடி அதிர்ந்தது. நூல் அறுத்த விரலை நண்பர் தூக்கிக் காட்டினார். "அரிவாமனையில அறுத்தா இப்படித்தான் இருக்கும்" என்றார் ஒருவர்.

வெளியே வந்து கேட்டைத் தாண்டினோம். பிறகு அவர் சொன்னார்: "நீரு அன்னைக்கு அந்த மேடையில வாயைத் தொறக்காம இருந்திருந்தா இன்னைக்கு உம்ம வாக்கு செல்லியிருக்கும்லா? பொய் சொன்னதும் தப்பான நேரம், உண்மை சொன்னதும் தப்பான நேரம். என்ன பூகோளம் வே படிச்சீரு?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பல வருஷத்துக்கு அப்புறம் கேட்ட அவருடைய சொந்தச் சிரிப்பு. என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

மறுவாரம் நாங்கள் இருவரும் போகும்போது மார்க்கெட்டில் பி.டி. மாஸ்டர் எதிர்ப்பட்டார். டிராயிங் மாஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். மீன் தொடை வரை வளர்ந்திருந்தது. அது வள்ளத்தையே தீவைச் சுற்றி இரண்டு வட்டம் இழுத்ததாம். நான் வள்ளத்தின் அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்னைக் கரை சேர்த்துவிடு என்று முருகனிடம் கதறினேனாம்.

"இதாவது உண்மையா?" என்று பி.டி. மாஸ்டர் என்னைக் கேட்டார்.

நண்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்வாள்," என்றேன். "கதறி அழுதேன்."

டிராயிங் மாஸ்டர் உயிரோடு இருந்தவரை அந்தக் கதையை எங்கெல்லாம் சொன்னாரோ அங்கெல்லாம் நானும் அதையே சொன்னேன். இரண்டு வட்டம் ஏழு வட்டமானபோதும், ஆமாம், ஏழுதான் என்றேன்.